அறுபது மணி அல்லது அதற்கு மேல்

அந்த மண்சாலையில் இருந்தது ஐந்தே பண்ணை வீடுகள். நான்கு வீட்டுக்குக் குட்டைப் படிவம் வந்தது. லூபா வீட்டுக்கு மட்டும் நீளப் படிவம் வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றால் அப்படித்தான். ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டைப் பொறுக்கி எடுத்து, அறை எத்தனை, கூரை ஒழுகுகிறதா, பாட்டன் எந்த நாட்டிலிருந்து கப்பலேறினான் என்று பக்கம் பக்கமாகக் குடைவார்கள். வேறு வருஷமாக இருந்திருந்தால் வாங்கியவள் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். 1996 மே மாதத்தில் மட்டும் மற்ற நாலு பெண்களுக்கும் லூபாவைப் பார்த்து வயிறு எரிந்தது.

காரணம் ஒரே ஒரு கேள்வி. சம்பளம் வாங்காமல் வீட்டு வேலைக்குப் போன வாரம் எத்தனை மணி நேரம் செலவிட்டீர்கள்? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எத்தனை? வயதானவர்களுக்கு எத்தனை? இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இதைக் கேட்கிறார்கள். அதுவும் நீளப் படிவத்தில் மட்டும்தான்.

அதே சாலையில் கடைசி வீட்டுக்காரி மேவிஸ். ஊருக்குள் அஞ்சலகத்தை நடத்துகிறவள். லூபா தபால் எடுக்கப் போனபோது கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு சொன்னாள்: “நல்லா யோசிச்சுப் போடுடி. அஞ்சு வீட்டுக்கு ஒண்ணு. நீ போடுறதுதான் எங்க எல்லாருக்கும். குறைச்சுப் போட்டேன்னு வை, மொத்த ரோட்டு மானமும் போயிரும்.”

லூபாவுக்கு மேவிஸ் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஐந்து வருஷத்துக்கு முந்தைய கணக்கெடுப்பு அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அப்போது இரட்டைக் குழந்தைகள் பிறந்து மூன்று வாரம். மூத்தவள் மார்த்தாவுக்கு அம்மை போட்டிருந்தது. மாமனார் வசில் இடுப்பெலும்பு முறிந்து கூடத்துக் கட்டிலில் கிடந்தார். ‘போன வாரம் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள்? வீட்டு வேலையைச் சேர்க்க வேண்டாம்’ என்று படிவம் கேட்டது. ஒரு தோளில் ஒரு குழந்தையும் மடியில் இன்னொன்றுமாக, இடது கையால் அவள் எழுதிய பதில்: ‘ஒரு மணி நேரமும் இல்லை’. பொய் இல்லை. கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். எழுதிவிட்டு அழுதாள். பால் கட்டிய வலி என்று கணவனிடம் சொல்லிவிட்டாள்.

ஆகையால் இந்தத் தடவை அவசர அவசரமாக நிரப்பக் கூடாது என்று இருந்தாள். பிள்ளைகள் தூங்கி, மாமனாருக்கு மருந்து கொடுத்து, மேஜையைத் துடைத்து, நல்ல பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். குளிர்பெட்டி மேலே, ரேடியோவுக்குப் பின்னால் படிவத்தைப் பத்திரமாகச் செருகி வைத்தாள். ஒன்பது நாள் ஆயிற்று, உட்காரத்தான் முடியவில்லை. இடையில் அன்னையர் தினம் வேறு வந்து போனது. தேவாலயத்தில் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு பூ கொடுத்தார்கள். அதைத் தண்ணீரில் வைக்க அவளுக்குப் புதன்கிழமைதான் நேரம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். விதைப்புக் காலத்தில் ஆண்கள் வீட்டுக்குச் சாப்பிட வரமாட்டார்கள். சாப்பாடுதான் அவர்களைத் தேடிப் போகும். பிக்கப் வண்டியின் பின்பலகையை இறக்கி, பீட்ரூட் சூப்பையும் முட்டைக்கோஸ் உருட்டல்களையும் பரப்பினாள். இரட்டையர் ஸ்தேபாவும் பாவ்லோவும் டிராக்டர் சக்கரத்தில் ஏறப் பார்த்தார்கள். கணவன் ஓரெஸ்ட் முகமெல்லாம் புழுதியாக வந்து உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் குஷியாக இருந்தான்.

“உனக்கு ஒரு வேலை மிச்சம் பண்ணிட்டேன் பாரு,” என்றான்.

“என்ன, மோட்டாருக்கு பேரிங் மாத்திட்டியா?”

“பேரிங் வாங்கத்தான் டவுனுக்குப் போனேன். கடைக்காரன் ஒரு மணி நேரம் நிக்க வச்சுட்டான். கரண்ட் பில்லோட சேர்த்து அந்தக் கணக்கெடுப்பு பேப்பரையும் எடுத்துட்டுப் போயிருந்தேன். கவுண்டர்லயே நின்னு மொத்தத்தையும் நிரப்பி, ஒட்டி, பெட்டியில போட்டுட்டேன்.”

லூபா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

“எல்லாத்தையும்?”

“எல்லாத்தையும். நீதானே சொன்ன, உனக்கு நேரமே கிடைக்கலைன்னு. பாவம்னு நானே முடிச்சுட்டேன்.”

“வீட்டு வேலை கேள்வி ஒண்ணு இருந்துச்சே. அதுக்கு என்ன போட்ட?”

“ஓ, அதுவா! சம்பளமில்லாத வேலைன்னு கேட்டிருந்தான். இத்தனை வருஷத்துல இப்பத்தான் உருப்படியா ஒரு கேள்வி கேட்டிருக்கான்னு நினைச்சுக்கிட்டேன். இந்த நாட்டுல என்னைவிடச் சம்பளமில்லாம உழைக்கிறவன் யாரு? கோதுமை விலை ஏறுனா உர விலை முன்னாடியே ஏறிப்போய் உக்காந்திருக்கு. எனக்கு அறுபது மணி அல்லது அதுக்கு மேலன்னு போட்டேன். மூணு வரியிலயும்.”

“மூணு வரியிலயும்?”

“பிள்ளைங்களுக்காகத்தானே விதைக்கிறேன்? அப்பா நிலத்துலதானே விதைக்கிறேன்?”

“எனக்கு?”

ஓரெஸ்ட் ரொட்டியைப் பிட்டுச் சூப்பில் தோய்த்தான். “உனக்கு... அஞ்சுல இருந்து பதினாலுன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதுல போட்டேன். பாத்திரம், துணி. பிள்ளைங்களோட நீ இருக்கிறது வேலையா என்ன? உனக்குப் பிடிச்சுத்தானே இருக்க? அந்த வரியெல்லாம் சும்மா விட்டுட்டேன்.”

ஓரெஸ்ட் கெட்டவன் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், பக்கத்துப் பண்ணைக்காரன் வண்டி சேற்றில் புதைந்தால் தன் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவான். எடையில் ஒரு கிலோகூட ஏமாற்றமாட்டான். தன் வீட்டுக்குள் மட்டும் அவனுக்குக் கண் சரியாகத் தெரியாது, அவ்வளவுதான்.

“ஓரெஸ்ட்,” என்றாள் லூபா, “எனக்கு நேரமில்லைன்னு சொன்னதாலதான் நீ நிரப்பின. நிரப்பும்போது எனக்கு வேலையே இல்லைன்னு எழுதியிருக்க. இது உனக்கே எப்படித் தெரியுது?”

அவன் மென்றுகொண்டே யோசித்தான். பதில் வருவதற்குள் பாவ்லோ சக்கரத்திலிருந்து விழுந்து ஓவென்று கத்த, அவள் ஓடினாள்.

மறுநாள் காலை அஞ்சலகக் கதவைத் திறக்கும்போதே லூபா வாசலில் நின்றாள்.

“மேவிஸ், நேத்து என் வீட்டுக்காரன் போட்ட கவரு ஒண்ணு வேணும். எடுத்துக் கொடு.”

“பெட்டிக்குள்ள விழுந்தா அது அரசாங்கத்து சொத்து, ராணியோட சொத்துடி. என்னால தொட முடியாது.”

“ராணிக்கு அதை வச்சு என்ன ஆகப்போகுது? என் கணக்கைத் தப்பா போட்டிருக்கான் மேவிஸ்.” என்ன போட்டிருக்கிறான் என்பதையும் சொன்னாள்.

மேவிஸ் கண்ணாடியைக் கழற்றினாள். நாற்பத்திரண்டு வயதில் விதவையாகி நாலு பிள்ளைகளை வளர்த்தவள். “அஞ்சுல இருந்து பதினாலா? அஞ்சு வீட்டுக்கும் சேர்த்தா?” அவள் குரலே ஏறிவிட்டது. “அட அறிவு கெட்ட மனுஷா! ஆனா கவரு நேத்து சாயங்கால வண்டியிலயே சிட்டிக்குப் போயிருச்சுடி. அங்க பிரிச்சு, திரும்பி இங்கதான் வரும். ட்ரூடிதானே இந்தப் பக்கத்துக்குக் கணக்கெடுக்கிறவ? அந்தா தெரியுது பாரு, அவ வீடு. அங்க போறதுக்கு முந்நூறு மைல் சுத்திட்டு வருது.”

“அப்ப ட்ரூடிகிட்டயே சொல்லிரவா?”

“அவளா? ரகசியம் காக்கிறதாச் சத்தியப் பிரமாணம் எடுத்ததுல இருந்து அவ நம்மகிட்டப் பேசுறதே இல்லையே. நேத்து முட்டை வாங்க வந்தப்பகூட, எத்தனை முட்டைன்னு சொல்றதுக்கே யோசிக்கிறா.” மேவிஸ் கவுண்டரில் சாய்ந்துகொண்டாள். “சரி, ஒண்ணு கேக்குறேன். எண்ணி முடிச்சா அரசாங்கம் காசு குடுத்துருமா?”

“காசு குடுக்கட்டும்னு நான் சொல்லல.”

“ஏன், குடுத்தா வேணாம்னா சொல்லுவ?”

லூபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வாங்கிக்குவேன். ஆனா அது இல்ல மேவிஸ். கல்யாணத்துக்கு முன்னாடி ஏழு வருஷம் கடன் சங்கத்துல காசாளரா இருந்தேன். போன மாசம் ஓய்வூதியக் காகிதம் வந்துச்சு. ஏழு வருஷத்துக்கு நம்பர் இருக்கு. அப்புறம் மார்த்தா பொறந்ததுல இருந்து ஒன்பது வருஷத்துக்கு வரிசையா சைபர். சைபர், சைபர், சைபர். நான் ஒன்பது வருஷம் செத்தா போயிருந்தேன்? கூலி வேணாம். கிழவியானப்புறம் கையேந்தாம இருக்க ஏதாவது செய்யட்டும். எண்ணினாத்தானே செய்வாங்க? எண்ணாத ஒண்ணுக்கு யாரு தருவா?”

மேவிஸ் ஒரு தபால்தலைச் சுருளை எடுத்து வீணாக நேராக்கினாள். “நான் சாயங்காலம் ட்ரூடிகிட்ட எதுவும் சொல்லமாட்டேன்,” என்றாள். “ஆனா அவ வீட்டுப் பக்கமா நடந்து போவேன்.”

மேவிஸ் நடந்ததால் வந்ததோ, படிவமே கூச்சல் போட்டதால் வந்ததோ, அடுத்த வியாழக்கிழமை நல்ல மழையில் ட்ரூடி வந்தே விட்டாள். மழையானதால் ஓரெஸ்ட் வீட்டில் இருந்தான். சமையலறை மேஜையில் ஒரு பம்பைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான். மேஜையின் மறு பாதியில் லூபா பைரோஹிக் கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கும் சீஸும் மசித்த சட்டி அடுப்போரம் இருந்தது. ஸ்தேபா கண்ணாடிக் கோப்பையால் மாவை வட்டமாக வெட்ட, பாவ்லோ பாதியைப் பச்சையாகவே தின்றுகொண்டிருந்தான்.

ட்ரூடி போன ஞாயிறுதான் இதே மேஜையில் இரண்டு துண்டு கேக் தின்றுவிட்டுப் போனவள். இன்றைக்கு மார்பில் அட்டை தொங்க, வாசலில் நிமிர்ந்து நின்றாள்.

“வணக்கம். நான் கணக்கெடுப்புத் துறையிலிருந்து வர்றேன். இந்த வீட்டுப் பெரியவங்க யாராவது இருக்காங்களா?”

“ஏண்டி, கண்ணு முன்னாடிதானே நிக்கிறேன்,” என்றாள் லூபா. “உள்ள வா, நனையாத.”

“உங்க படிவத்துல சில விவரங்கள் பொருந்தி வரல.” ட்ரூடி மழைக்கோட்டைக் கழற்றி, பம்பின் உறுப்புகளை விரல் நுனியால் நகர்த்திவிட்டுப் படிவத்தை விரித்தாள். “ஓரெஸ்ட் அவர்களே, பண்ணையில போன வாரம் தொண்ணூறு மணி நேரம் வேலை செஞ்சிருக்கீங்க.”

“ஆமா. விதைப்பு.”

“அது தவிர வீட்டு வேலை அறுபதுக்கு மேல. பிள்ளைகளுக்கு அறுபதுக்கு மேல. வயசானவங்களுக்கு அறுபதுக்கு மேல. மொத்தம் இருநூத்தி எழுபது. ஒரு வாரத்துக்கு நூத்தி அறுபத்தெட்டு மணி நேரம்தான். நீங்க தூங்கவும் இல்ல, ரெண்டு ஆளாவும் இருந்திருக்கீங்க.”

உள்ளறையிலிருந்து வசில் கிழவர் கத்தினார். காது மந்தமானதால் அவர் எதையும் கத்தித்தான் சொல்வார். “ரெண்டு ஆளா? ஒரு ஆளே பத்து மணிக்குக் குறட்டை விடுறான்!”

ஓரெஸ்ட் காது சிவக்க, விதைப்பும் சம்பளமில்லாத வேலைதான் என்பதை விளக்கிப் பார்த்தான். பண்ணை வேலைக்குப் படிவத்தில் மேலேயே தனிக் கேள்வி இருக்கிறது, இது வீட்டுக்குள் செய்வது என்று ட்ரூடி விளக்கினாள். பிறகு லூபா பக்கம் திரும்பினாள். குரல் கொஞ்சம் இளகியது.

“லூபா, உன் வரியில ஒண்ணு ஒத்துவரல, ரெண்டு காலியா இருக்கு. நீயே சொல்லிரு. எத்தனை மணி நேரம்? நான் திருத்திட்டுப் போறேன். இன்னைக்கு சாயங்காலம் எல்லாத்தையும் கட்டி அனுப்பணும், இதுக்கப்புறம் மாத்த முடியாது.”

ட்ரூடி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். லூபாவிடம் எண் தயாராக இருந்தது. இந்த ஆறு நாளாக, துணி மடிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அதைத்தான் கூட்டிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து சொன்னால் முடிந்தது. ஐந்து வீட்டு மானமும் தப்பிக்கும். சொல்ல வாயெடுத்தவள் ஓரெஸ்டைப் பார்த்தாள். அவன் ஒரு திருகாணியை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டு, இதெல்லாம் இரண்டு பெண்களின் விவகாரம் என்பதுபோல் இருந்தான். தான் சொல்லித் தலைநகர் ஒட்டாவா தெரிந்துகொண்டு என்ன, இந்த மேஜைக்குத் தெரியாவிட்டால் என்று அவளுக்குப் பட்டது. கோபமாகத்தான் வந்தது. பயமாகவும் இருந்தது, அவன் மறுபடி ஐந்து என்றால் ஐந்துதான்.

“அவனையே கேளு,” என்றாள். “அவன்தானே எழுதினான். நான் வாயே திறக்கமாட்டேன்.”

“லூபா, சாயங்காலம் அனுப்பணும்—”

“அவனையே கேளு ட்ரூடி.” உருட்டுக்கட்டையை எடுத்து மாவில் வைத்து அழுத்தினாள்.

ஓரெஸ்ட் நிமிர்ந்தான். “சரி, ஒரு இருபதுன்னு போட்டுக்க.”

ட்ரூடியின் பேனா பதினைந்து முதல் இருபத்தொன்பது வரை என்ற கட்டத்துக்கு நகர்ந்தது. லூபா சொன்ன சொல்லைக் காப்பாற்ற மாவை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். ட்ரூடி கட்டத்தில் கை வைக்கப் போனவள் நிறுத்தினாள். மேவிஸ் நடந்துபோனது வீண் போகவில்லை.

“விதிப்படி நான் உதாரணங்களை வாசிச்சுக் காட்டணும்,” என்றாள். “சமைக்கிறது, துவைக்கிறது, கடைக்குப் போறது, தோட்டம். அடுத்த வரிக்கு, குளிப்பாட்டுறது, கூட விளையாடுறது, கூட்டிட்டுப் போறது, சும்மா பார்த்துக்கிறதும் சேரும். போன வாரம்னா கணக்கெடுப்புக்கு முந்தின வாரம். ஞாயித்துக்கிழமை தொடங்கி சனிக்கிழமை வரைக்கும். நாள் நாளா சொல்லுங்க.”

நாள் நாளாக எண்ணுவது என்றதும் ஓரெஸ்ட் திருகாணியைக் கீழே வைத்தான். எண்ணுவதென்றால் அவனுக்கு மரியாதை உண்டு. “ஞாயிறு... நீ என்ன செஞ்ச?” என்று லூபாவைப் பார்த்தான். அவள் மாவைத் திருப்பிப் போட்டாள்.

“பேசமாட்டியா? சரி. நான் என்ன சாப்பிட்டேன்னு பார்த்தா தெரிஞ்சுட்டுப் போகுது.” அவன் விரலை மடக்கினான். “காலையில ஆறு மணிக்கு முட்டை. பன்னிரண்டுக்கு வயலுக்குச் சூடா சாப்பாடு. அப்ப பத்துக்காவது அடுப்பு பத்தியிருக்கணும். ஏழு மணிக்கு மறுபடி. சட்டை வெள்ளையா இருந்துச்சு... சரி, சமையல், துணி, பாத்திரம்லாம் நாளைக்கு ஆறு ஆறரை மணி நேரம் வருது. வாரத்துக்கு நாப்பத்தஞ்சு. முதல் வரிக்கு முப்பதுல இருந்து அம்பத்தொன்பதுல போடு.”

ட்ரூடி போட்டாள். “பிள்ளைகள்?”

“பிள்ளைங்க எப்ப எந்திரிக்குது?” என்றான் ஓரெஸ்ட் பொதுவாக, யாரைப் பார்த்தும் இல்லாமல்.

“நான் ஆறு மணிக்கு!” என்றான் பாவ்லோ. “ஸ்தேபா என்னை மிதிச்சு எழுப்புவா.”

“தூங்குறது?”

“எட்டு மணி. ஆனா செவ்வாய்க்கிழமை நான் தூங்கவே இல்ல,” என்றாள் ஸ்தேபா பெருமையாக. “மூணு தடவை வாந்தி எடுத்தேன். அம்மா மூணு தடவையும் போர்வை மாத்தினாங்க.”

“எப்ப? எனக்குத் தெரியாதே?”

“நீங்க அங்கயேதான் இருந்தீங்க. வாயைத் திறந்துட்டுத் தூங்கினீங்க.”

உள்ளறையிலிருந்து கிழவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஓரெஸ்ட் சிரிக்கவில்லை. மகளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். “வாந்தியை விட்டுத் தள்ளு, அதைச் சேர்க்கல. ஆறுல இருந்து எட்டு. பதினாலு மணி நேரம். பள்ளிக்கூடம் போகாத ரெண்டு பேரு, முழுக்க இவ கூடத்தான். ஞாயிறு பதினாலு. திங்கள் இருபத்தெட்டு. செவ்வாய் நாப்பத்திரண்டு. புதன் அம்பத்தாறு. வியாழன்...” விரல் நின்றது. “வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அறுபது.”

“அவ்வளவுதான்,” என்று ட்ரூடி கடைசிக் கட்டத்தில் வட்டத்தை நிரப்பினாள். “அறுபது மணி அல்லது அதற்கு மேல்.”

“இரு இரு. இன்னும் முடியலையே. வியாழன் மீதி இருக்கு. வெள்ளி, சனி இருக்கு.”

“அதெல்லாம் இந்தக் கட்டத்துலயே அடக்கம்.”

“எப்படி அடக்கம்? வேற கட்டம் இல்லையா?”

“இல்ல. இதுதான் கடைசி.”

ஓரெஸ்டுக்கு இப்போதுதான் நிஜமாகக் கோபம் வந்தது. எழுந்தே விட்டான். பம்பின் வளையம் ஒன்று உருண்டு மாவுச் சட்டியில் விழுந்தது.

“இது என்ன அநியாயம்! நான் லாரி நிறைய கோதுமை கொண்டு போய்க் கிடங்குல எடை போட்டா, ‘அறுபது மூட்டை அல்லது அதுக்கு மேல’ன்னு எழுதிக் குடுப்பானா? குடுத்தா நான் சும்மா வருவேனா? கடைசி மணி வரைக்கும் எடை போடணும்ல! வியாழக்கிழமை பத்து மணியோட இவ வேலையை நிறுத்திட்டாளா? பிள்ளைங்க பட்டினி கிடந்துச்சா?”

“என்கிட்ட ஏன் கத்துறீங்க? நானா அச்சடிச்சேன்?” என்றாள் ட்ரூடி. அரசாங்கக் குரல் எங்கோ போய், ஞாயிற்றுக்கிழமைக் குரல் வந்துவிட்டது. “மூணாவது வரி சொல்லுங்க. உங்க அப்பா.”

“அப்பாவுக்கு...” ஓரெஸ்ட் தலையைச் சொறிந்தான்.

“அவனைப் போய்க் கேக்குறியே!” என்று உள்ளிருந்து கத்தினார் வசில். “என் காது மெஷினுக்கு பேட்டரி எந்தப் பக்கமாப் போகும்னு அவன்கிட்டக் கேளு! மருமகளைக் கேளு, மாத்திரை நிறத்தோட சொல்லுவா!”

யாரும் மருமகளைக் கேட்கவில்லை. ஓரெஸ்டே மாத்திரை, குளியல், டாக்டரிடம் கூட்டிப் போகிற வெள்ளிக்கிழமை என்று மெல்லக் கூட்டிப் பத்து மணி நேரத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். இத்தனை நேரத்தில் லூபா நாற்பது பைரோஹியை மடித்து ஓரம் அழுத்தியிருந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வெங்காயம் நறுக்கத் தொடங்கி அதன் மேல் பழியைப் போட்டாள். சந்தோஷம்தான். ஒன்பது வருஷம் இவ்வளவு பக்கத்தில் இருந்தவனுக்கு இது தெரிய ஒரு மழையும் ஒரு படிவமும் வேண்டியிருந்ததே என்ற ஆத்திரமும் அதில் பாதி.

“இனி உங்க வரி,” என்றாள் ட்ரூடி. “வீட்டு வேலை, பிள்ளைகள், அப்பா. எத்தனை எத்தனை?”

ஓரெஸ்ட் ஜன்னலைப் பார்த்தான். மழை விட்ட பாடில்லை. “மூணுலயும் ஒண்ணுமில்லைன்னு போடு,” என்றான் சின்னக் குரலில்.

அப்போதுதான் லூபா வாயைத் திறந்தாள். “வீட்டு வேலைக்கு அஞ்சுக்கும் குறைவுன்னு போடு ட்ரூடி. குப்பை கொண்டுபோய்க் கொட்டுவான். நீளக் குளிர்காலத்துல வாசல் பனியை அள்ளுவான். இல்லாததைச் சொல்லக் கூடாது.”

“நன்றி,” என்றான் ஓரெஸ்ட். கேலியாகச் சொல்லவில்லை.

ட்ரூடி திருத்தின இடங்களுக்குப் பக்கத்தில் தன் பெயரெழுத்தைப் போட்டாள். படிவத்தை மடிக்கப் போனாள். ஓரெஸ்ட் கையை நீட்டித் தடுத்தான். “பேனாவைக் கொடு.” எண்ணெய்க் கறை படிந்த விரலால் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, லூபாவின் வரிக்குப் பக்கத்தில், வெள்ளை விளிம்பில், பொடி எழுத்தில் எழுதத் தொடங்கினான். அவன் எழுதி யாரும் அதிகம் பார்த்ததில்லை. நாக்கு நுனி வெளியே வந்துவிட்டது. மேலிருந்து கீழாக விளிம்பு முழுக்க எழுதி முடிக்க ஐந்து நிமிஷம் பிடித்தது.

ட்ரூடி எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். “ஓரெஸ்ட், மெஷின் கட்டத்துக்குள்ள இருக்கிற வட்டத்தை மட்டும்தான் பார்க்கும். ஓரத்துல எழுதினதை யாரும் படிக்கமாட்டாங்க.”

லூபா கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு வந்தாள். படிவத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

‘வியாழக்கிழமை காலை பத்து மணிக்கே என் மனைவிக்கு அறுபது நிறைந்துவிட்டது. அதற்கப்புறம் சனிக்கிழமை இரவு வரை அவள் செய்ததை எழுத இதில் இடம் இல்லை. செவ்வாய்க்கிழமை குழந்தைக்கு வாந்தி, அதையும் சேர்க்கவில்லை. இதெல்லாம் இன்று வரை எனக்கும் தெரியாது. ஓரெஸ்ட், கணவன்.’

ஒரு தடவை படித்தாள். மறுபடியும் மேலிருந்து படித்தாள். ஓரெஸ்ட் பம்பைப் பார்த்தபடி நின்றான். மாவு ஒட்டிய விரல் தடம் நான்கு அந்த விளிம்பில் பதிந்திருக்க, படிவத்தை ட்ரூடியிடம் கொடுத்தாள்.

“ஒரு ஆள் படிச்சாச்சு,” என்றாள். “மத்தவங்களை அடுத்த தடவை பெரிய கட்டமா போட்டுக்கிட்டு வரச் சொல்லு.”